ஒரு பக்கப் படம் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இந்த ஒரு ரூபாய் உங்களிடம் இருந்தால் லட்சாதிபதி’ என்று வாட்ஸ்அப்பில் படங்கள் சுற்றத் தொடங்கியதிலிருந்து பலரும் வீட்டுச் சில்லறை டப்பாவைக் கவிழ்த்துப்போட்டுத் தேடுகிறார்கள். கோடு விழுந்த காசு, ஓரம் நறுங்கிய காசு, எழுத்து இரண்டாகத் தெரிகிற காசு என எல்லாவற்றுக்கும் ‘எரர் காயின்’, அதாவது பிழைக்காசு என்றே பெயர். தேறாத காசுதான் அதில் அதிகம். எது தேறும் என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியும் என்பதால் இதை எழுதுகிறோம்.

நாணயச் சாலையில் காசு உருவாவது ஒரே அடியில். மேலச்சும் கீழச்சும் இன்னும் எழுத்து பதியாத உலோக வட்டை, அதாவது வில்லையை நடுவில் வைத்து நெரிக்கும்போது உலோகம் பிசைந்த மாவுபோல் ஓடி அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது. சுற்றியிருக்கும் வளையம் அது வெளியே பிதுங்காமல் பிடித்துக்கொள்கிறது. அச்சும் வில்லையும் தயாராவதிலிருந்து இந்த அடி முடியும்வரை நேர்ந்த கோளாறுதான் பிழை. பிறகு பேருந்துச் சக்கரத்திலோ, தண்டவாளத்திலோ, பட்டறையிலோ நேர்ந்தது வெறும் சேதம்.

கோட்டை எடுத்துக்கொள்வோம். அச்சில் விரிசல் விட்டிருந்தால் உலோகம் அந்த விரிசலுக்குள்ளும் ஏறும்; ஆகவே காசில் அது மேடாக நிற்கும். கீறல் பள்ளம். ஆனால் லென்ஸில் பார்க்கும்போது மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் கண்ணை ஏமாற்றும். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடியுங்கள். சிங்கமுகத் தூணின் நிழல் விழும் பக்கமே கோட்டின் நிழலும் விழுந்தால் அது மேடு. பிறகு 10 மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். விரிசல் கோடு பெரும்பாலும் விளிம்பில் கிளம்பி, எழுத்து மேலும் வெற்றிடத்தின் மேலும் நெளிந்தபடி ஓடும். கீறலிலோ உழவுசாலின் ஓரத்தில் மண் ஒதுங்குவதுபோல இரு கரையிலும் உலோகம் ஒதுங்கியிருக்கும். பள்ளமெல்லாம் கீறல் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அச்சடிக்கும்போது நடுவில் நூலோ கம்பித் துணுக்கோ மாட்டினாலும் பள்ளம் விழும். அதற்குக் கரை இருக்காது.

ஓரம் வெட்டுப்பட்ட காசில் வெட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். அடிக்கும் முன்பு வில்லையை ஓரத்தில் நெருக்கி உருட்டித்தான் விளிம்பை எழுப்புகிறார்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே குறைந்திருந்தால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் கிடைக்காது, விளிம்பு மழுங்கலாகவோ காணாமலோ இருக்கும். வெட்டை ஒட்டிய எழுத்துகளும் அதை நோக்கி இழுபட்டுத் தெரியும். எதிர் விளிம்பு கச்சிதமாக இருந்து, வெட்டில் அரம் ஓடிய தடமும் இருந்தால் அது கைவேலை.

எழுத்து இடம் வலமாக மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பள்ளமாகப் பதிந்த காசுகளில்தான் ஏமாற்று அதிகம். முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிந்தால் இப்படி ஒரு முகம் வரும். உண்மையான பிழையில் மறுமுகம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். இரண்டு காசைப் பட்டறை இடுக்கியான வைஸில் வைத்து நெரித்திருந்தால், சொந்த எழுத்தின் மேலேயே வேறு எழுத்து பள்ளமாக அமுங்கியிருக்கும். மறுமுகத்தில் மேடான இடங்கள் தட்டையாகி மின்னும்.

எழுத்து இரட்டையாகத் தெரிந்ததும் மயங்கிவிட வேண்டாம். எழுத்தோரம் படிக்கட்டுபோல் தட்டையாக நசுங்கியிருந்தால் அடிக்கும்போது அச்சு அசைந்திருக்கிறது, அவ்வளவுதான். பெரிய விலை கிடையாது. எழுத்தே தடித்து, முனை பிளந்து, இரண்டும் உருண்டையாக நின்றால் அச்சிலேயே இரட்டைப் பதிவு. அது அபூர்வம்.

10 ரூபாயில் நடு வட்டத்தைத் தட்டிக் கழற்றிவிட்டுப் பிழை என்று விற்பதும் உண்டு. நடு வட்டம் இல்லாமலே அடிபட்ட வளையத்தில் உலோகம் உள்நோக்கி வழிந்து துளை சற்றுச் சுருங்கியிருக்கும். கழற்றியதில் துளையின் சுவர் செங்குத்தாக, வட்டம் கவ்வியிருந்த தடத்தோடு நிற்கும்.

பிழையே இல்லாததைப் பிழை என்பது இன்னொரு கூத்து. ஆண்டுக்குக் கீழே இருக்கும் குறி எந்த ஊர் நாணயச் சாலை என்று சொல்வது: புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் ஹைதராபாத், வைரம் மும்பை, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவின் ஓட்டை அரசாங்கமே போட்டது. வைகை மணலில் கிடைக்கும் பாண்டியர், நாயக்கர் செப்புக்காசுகள் கையால் அடித்தவை. உருவம் ஓரத்துக்கு வெளியே போயிருப்பது அவற்றின் இயல்பு.

எடை பொய் சொல்லாது. மதுரைத் தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைத் தராசுக்கா பஞ்சம்? 1992 முதல் வந்த 25 மில்லிமீட்டர் எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், 2011 முதல் வந்த 22 மில்லிமீட்டர் காசு 3.79. தடித்த பழைய 5 ரூபாய் 9 கிராம், 10 ரூபாய் ஏறக்குறைய 7.7. எழுத்தெல்லாம் ஒரே சீராக மெலிந்து எடையும் குறைந்திருந்தால் அமிலத்தில் கிடந்த காசு. விளிம்பின் உச்சியில் ஈயப் பொட்டுபோல் தெரிந்தால் யாரோ வளையம் வைத்துக் கழுத்தில் போட்டிருந்தது. பார்க்கும் முன்பு புளி, பாத்திரப் பொடி எதுவும் போட்டுத் துலக்கிவிடாதீர்கள். அடித்தபோது வந்த மேற்பரப்பு போய்விட்டால் நல்ல பிழைக்காசும் விலை இழக்கும்.

‘வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்கும் கும்பல் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. விற்பவர் எதற்கு முன்பணம் கட்ட வேண்டும்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அபூர்வ காசு என்று செய்தி வெளியிடும்போது தலைப்பக்கப் படத்தோடு நிறுத்தாமல் பூப்பக்கமும் விளிம்பும் தெரியும் படங்களையும், கிராமில் எடையையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்த நாலும் இருந்தால் வாசகரே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
பழங்காசு சேகரிப்போர் சிலர்,
மதுரை.