அந்தப் பென்சில் தாளுக்கு நன்றி

அன்பான எல்லோருக்கும்,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. என் கணவருடைய தாத்தா, எங்கள் எல்லோருக்கும் ஒஜீச்சான், சக்கர நாற்காலியில் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்ததும் கல்யாணத் தேதி மாறியதுமாகக் கடந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஜப்பானிய அமெரிக்க வீடுகளில் கல்யாணத்துக்குத் தங்கநிறத் தாளில் 1,001 கொக்கு மடித்து, குடும்பச் சின்னத்தின் வடிவில் ஒட்டி, சட்டம் போட்டு மாட்டும் வழக்கம் உண்டு. ஆயிரம் சரி, மேலே ஒன்று எதற்கு என்று என் மாமியார் விளக்க ஆரம்பித்ததும் அம்மா சிரித்துவிட்டாள். காலமெல்லாம் மொய் எழுதினவளுக்கு ஆயிரத்தொன்றைப் பற்றிப் பாடமா!

கொக்கு மடிக்க ஆள் இருந்தது. சின்னம்தான் இல்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் அமெரிக்காவின் பெர்ல் ஹார்பரைத் தாக்கிய பிறகு, அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. வந்து சோதனை போடும் என்ற பயத்தில், இவர் குடும்பம் ஜப்பானிலிருந்து கொண்டுவந்ததையெல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தியது. கடிதங்கள், படங்கள், சின்னம் பொறித்த பட்டுக் கிமோனோ எல்லாம் போயிற்று. அடுத்த வருடம், கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வயோமிங்கில், ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்துவைத்த ஹார்ட் மவுன்டன் முகாமுக்குப் போனார்கள். ஒஜீச்சானுக்கு அப்போது ஆறு வயது. பட்டு எரிந்தபோது தலைமுடி கருகுகிற நாற்றம் வந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதிலிருந்த சின்னம் ஞாபகம் இல்லை.

அதே குடும்பப் பெயருக்கு இணையத்தில் ஐந்தாறு சின்னங்கள் கிடைத்தன. ஏதோ ஒன்றைப் போடலாம் என்றார்கள். யார் வீட்டுச் சின்னத்தையோ அவர் முன்னால் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. சான் ஹோசே ஜப்பான்டவுனில் கோயிலுக்கு வருகிற பெரியவர்களிடமெல்லாம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள் காலையில் வாசலில் ஒரு வயதானவர் நின்றார். முன்பின் பார்த்ததில்லை. கையில் சுருட்டிய தாள். இறந்த முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகைக்கு முன்னால் பழைய கல்லறைகளைத் துப்புரவு செய்கிறவராம். இவர்கள் பெயரில் ஓரமாக ஒரு கல் இருப்பது நினைவுக்கு வந்து போய்ப் பார்த்திருக்கிறார். பாசியைச் சுரண்டி, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருக்கிறார். கல்லில் ஊர் ஜப்பானிலுள்ள குமமோட்டோ என்று இருந்தது. பெயர், கல்யாணம் ஆகாமலே போரு‌க்கு முன் இறந்துபோன ஒஜீச்சானுடைய பெரியப்பாவின் பெயர். அதற்கு மேலே, வட்டத்துக்குள் மூன்று இலை.

கீழே இடது பக்கம் சரியாக விழவில்லை என்று அவர் மன்னிப்புக் கேட்டார்! காபி குடிக்கச் சொன்னேன், செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விட்டார்.

தாளைப் பார்த்ததும் அம்மா, "இது நம்ம புளியாரைதானே, வரப்போரம் கிடக்குமே" என்றாள். நிஜமாகவே அதுதான். ஜப்பானில் கதபாமி என்பார்கள். பிடுங்கப் பிடுங்க முளைக்கிற களை என்பதால், வம்சம் தழைக்கட்டும் என்று நிறையக் குடும்பங்கள் அதைச் சின்னமாக வைத்துக்கொண்டனவாம். அம்மா அதில் துவையல் அரைப்பாள் என்று இவர் மொழிபெயர்த்துச் சொன்னார். ஒஜீச்சான் தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் தானும் அதை மென்றிருப்பதாகச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அப்புறம், ராத்திரி கண்விழித்துக் கொக்கு மடித்த தோழிகள், தேதி மாறியதும் கோயில் கூடத்தை ஒழித்துக் கொடுத்தவர்கள், அசுகிப் பயறு போட்டுச் சிவப்புச் சோறு சமைத்த பெண்கள், மதுரையிலிருந்து மல்லிகை கொண்டுவர முயன்று விமான நிலையத்தில் தோற்ற சித்தப்பா, எல்லோருக்கும் நன்றி. வலது பக்கத்தை மேலே வைத்துக் கிமோனோ கட்டப்போன என் கையில் ஒரு தட்டு தட்டிய பாட்டிக்குத் தனியாக. அப்படிக் கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டுமாம். மூன்று கிண்ணத்தில் மும்மூன்று மடக்காக நாங்கள் சடங்குக்கான அரிசி மது, சாகே, குடித்தபோது வேறு பக்கம் பார்த்த அப்பாவுக்கும் நன்றி.

அந்தப் பெரியவரிடம் இவர் நேரில் போய்ச் சொல்லிவிட்டார். ஜூலையில் ஓபோனுக்கு முன் அந்தக் கல்லை நாங்களே கழுவுகிறோம் என்றதற்கு, கம்பித் தூரிகை கொண்டுவராதீர்கள், கல் கீறிவிடும் என்றாராம். தேங்காய் நார் எடுத்துப் போகலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.