நுவரெலியா தபாலகத்துக்குப் பின்வாசலும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழில் வந்த நுவரெலியா தபாலகக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. 1894இல் கட்டியது, சிவப்புச் செங்கல், இரண்டு மாடி, டியூடர் பாணி, மணிக்கூட்டுக் கோபுரம், எல்லாம் சரி. ஆனால் கடைசிப் பந்தியில் “கடிதம் எழுத ஆளில்லாத இந்தக் காலத்தில் இது படம் பிடிக்கும் இடம் மட்டுமே” என்று எழுதிவிட்டீர்கள். பல ஆண்டுகளாகத் தங்கள் பத்திரிகையை வாசிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி தங்கள் பேனாவில் இருந்து வந்திருக்கக் கூடாது.

அந்தக் கட்டடம் ஏன் அங்கே எழும்பியது என்பது தங்களுக்குத் தெரியாதது அல்ல. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1832இல் தபால் குதிரை வண்டி ஓடியது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1885இல் அது நானுஓயா வரை ஏறியது. அதன் பிறகுதான் நுவரெலியாவின் தபால் பைகள் நானுஓயாவில் இறங்கி, சுமார் 8 கிலோமீற்றர் மலைப்பாதையில் மேலே வரத் தொடங்கின. ஒன்பது ஆண்டுகள் கழித்து இந்தக் கட்டடம். ரயிலையும் தேயிலையையும் விட்டுவிட்டு இதன் வரலாற்றை எழுத முடியாது. தங்கள் கட்டுரையில் வெள்ளைக்காரரின் ஓய்வு நகரம் வருகிறது, குதிரைப் பந்தயம் வருகிறது, தோட்டம் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில், அதுவும் பூந்தோட்டம் என்று வருகிறது.

தபாலகத்துக்கு முன்பக்கம் முத்திரை விற்கும் கவுண்டர். வேலை நடப்பது பின்பக்கம். பையை அவிழ்த்துக் கொட்டி, திகதி முத்திரை குத்தி, பாதை வாரியாகப் பிரித்துப் புறாக்கூட்டு அலுமாரியில் போடுவார்கள். தோட்டங்களுக்கு வேறு ஏற்பாடு. தோட்டத்துத் தப்பால்காரர் காலையில் இறங்கி வந்து பூட்டிய பையைத் தூக்கிப் போவார். அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்று தபாலகத்தில், மற்றது தோட்டக் காரியாலயத்தில். தோட்டத்தை நடத்தும் துரைக்கு வந்த கடிதமும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வந்த கடிதமும் ஒரே பையில்தான் போயின. காரியாலயத்தில் பை திறந்த பிறகு பிந்தியது, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் கடிதம். தபால் திணைக்களத்தின் கணக்கில் அது ஒப்படைக்கப்பட்டுவிட்டது. பெறவேண்டியவர் கையில் அது இல்லை.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தோட்டத்து இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். குடும்பங்கள் நடுவில் பிளந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு நீலகிரியின் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் இந்த மலைகளுக்கு வந்த நீல நிற வான்கடிதங்கள் எத்தனை! அந்தப் பக்கத்துச் செய்தி தெரிய இங்கே தங்கிவிட்ட உறவினருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு கட்டடத்துக்கு வரலாறு என்றால் இதுவும் வரலாறுதானே ஐயா?

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். இன்றும் நூற்றுக்கணக்கான லயங்களுக்குத் தனி வீட்டு இலக்கம் இல்லை. பெயர், தோட்டம், நகரம், அவ்வளவுதான் உறையில் இருக்கும். ஒரே தோட்டத்தில் மேற்பிரிவில் ஒரு ராமசாமி, கீழ்ப்பிரிவில் இரண்டு ராமசாமி. தகப்பன் பெயரும், பிரிவும், லய இலக்கமும், காம்பரா (அறை) இலக்கமும் எழுதாவிட்டால் கடிதம் தவறான வாசலில் நிற்கும், அல்லது காரியாலய மேசையில் கிடக்கும். நேர்முகத் தேர்வு திங்கட்கிழமை, அழைப்புக் கடிதம் கைக்கு வருவது புதன்கிழமை. கடிதம் எழுத ஆளில்லை என்று எழுதுமுன், வந்த கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்டிருக்கலாம்.

2023இல் இந்தக் கட்டடத்தை ஹோட்டலாக்கக் கொடுப்பதாகப் பேச்சு எழுந்தபோது தபால் ஊழியர்கள் நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு வந்த அரசாங்கம் அந்த முடிவைக் கைவிட்டது. கொழும்புக் கோட்டையில் 1895இல் திறந்த பிரதான தபாலகத்தை 2000ஆம் ஆண்டில் பாதுகாப்புக் காரணம் சொல்லி வெளியேற்றினார்கள். ஒருமுறை வெளியேறிய தபாலகம் அதே கட்டடத்துக்குத் திரும்புவது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இன்னொன்று. “சீமெந்து பூசிப் புதுப்பித்து, நல்ல பெயின்ற் அடித்தால் பளிச்சென்று இருக்கும்” என்று யோசனை சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் இதைக் கேட்டுவிடக் கூடாது. அந்தக் காலத்துச் செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியது. நுவரெலியாவின் மழையையும் மூடுபனியையும் சுவர் குடிக்கும், வெயில் வந்ததும் சாந்துப் பொருத்து வழியாகக் கக்கும். பொருத்தைச் சீமெந்தால் அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் செங்கலுக்குள் தங்கும். சில ஆண்டுகளில் செங்கலின் முகம் சில்லுச் சில்லாக உரியும், சீமெந்து மட்டும் வரம்பு போல நீட்டிக்கொண்டு நிற்கும். பிளாஸ்டிக் பெயின்றும் இதே கேட்டைச் செய்யும்.

செய்ய வேண்டியது இது. உதிர்ந்த பொருத்தை, அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குக் கையுளியால் சுரண்ட வேண்டும். மின்சாரக் கிரைண்டர் வைத்தால் செங்கல் ஓரம் போய்விடும். தூசியைக் கழுவி, சுவரை நனைத்து, வாரக்கணக்கில் நீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கூரான மணல் மூன்று பங்கு சேர்த்துக் குழைத்து அழுத்த வேண்டும். ஒரு வாரமாவது ஈரச்சாக்குத் தொங்கவிட வேண்டும். தை, மாசியில் விடியற்காலை உறைபனி இறங்கும், இறுகாத சாந்து அதில் பொடிந்துவிடும். மே மாதக் கடைசியில் தென்மேற்கு மழை. மிஞ்சுவது மார்ச்சும் ஏப்ரலும். ஏப்ரல் சுற்றுலாச் சீசனில் சாரம் கட்டினால் படம் கெட்டுவிடும் என்று தடுப்பார்கள். அப்படித் தள்ளித் தள்ளியே பழைய கட்டடங்கள் கெடுகின்றன. அதைவிட எளிது, மழைக்கு முன் கூரைத் தண்ணீர் ஓடும் பீலிகளில் அடையும் சைப்பிரஸ் சருகை அள்ளுவது. பீலி அடைத்தால் தண்ணீர் பின்னே திரும்பிக் கூரையைத் தாங்கும் கைமரத்தின் நுனியைத்தான் முதலில் உக்க வைக்கும். கீழே நின்று படம் எடுப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

தங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கட்டுரையின் கீழே தபாலகத்தின் முகவரியைப் போட்டு, தபால் குறியீட்டை 22000 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது 22200. அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் திருத்தி வெளியிடுங்கள். பக்கத்திலேயே தோட்ட முகவரியை எப்படி எழுத வேண்டும் என்று ஐந்து வரி போட இடம் கொடுத்தால், எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன். தபாலில்தான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
தபால் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்,
நானுஓயா