அது கொத்தனார்களின் ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பிதழில், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் வசந்தத்தை வரவேற்கும் மே தினக் காலையின் படம் ஒன்று வந்திருந்தது. வெள்ளை உடுப்பும் காலில் மணியுமாகத் தெருவில் குதிக்கும் ஆட்டக்காரர்கள். கீழே, 'கிறிஸ்தவத்துக்கு முந்தைய சூரிய வழிபாட்டு நடனம்; ஆண்கள் மட்டுமே ஆடுவது' என்று இரண்டு வரி. மதுரையிலிருந்து என் தங்கை அதைப் படமெடுத்து அனுப்பி, "அண்ணா, நீ போய் ஆடுவது இதுதானா?" என்று கேட்டாள். இதுதான். மோரிஸ் என்ற இங்கிலாந்து நாட்டார் ஆட்டம் இது; படத்தில் இருப்பதே எங்கள் குழுதான். ஆனால் கீழே இருந்த இரண்டு செய்தியும் தவறு. நாங்கள் மனம் வைத்துச் செய்கிற ஒன்றைப் பற்றி என் தாய்மொழியில் தவறான செய்தி வந்துவிட்டதே என்ற வருத்தத்தில் எழுதுகிறேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். ஆக்ஸ்போர்டில் 19 ஆண்டுகளாக பஸ் ஓட்டுகிறேன். மே 1 என்றால் எங்கள் பணிமனையில் முதல் பேச்சு, மாட்லின் பாலம் மூடப்படும், வண்டிகள் சுற்றிப் போக வேண்டும் என்பதுதான். பல ஆண்டுகள் எனக்கும் அந்த நாள் அவ்வளவுதான். ஒருமுறை அன்று விடுப்பு கிடைத்தது. இருட்டோடு எழுந்து போய்ப் பாலத்தருகே நின்றேன். சரியாக ஆறு மணிக்கு மாட்லின் கல்லூரிக் கோபுர உச்சியிலிருந்து பாடகர் குழு லத்தீன் துதி ஒன்றைப் பாடியது. கீழே தெரு கொள்ளாத கூட்டம். பாட்டு முடியும்வரை ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. பிறகு கோபுர மணிகள் முழங்க, கூட்டம் ஊருக்குள் நகர்ந்தது. ராட்கிளிஃப் சதுக்கத்தின் கல் பாவிய தரையில் ஆறு பேர், மூன்று மூன்று பேராக எதிரெதிர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வெள்ளைக் கைக்குட்டை. துருத்திப்பெட்டி ஒரு அடி வாசித்ததும் பன்னிரண்டு கைக்குட்டைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் பதினைந்து வயதுவரை ஒயிலாட்டம் ஆடியவன் நான். கையில் துணியோடு வரிசையில் நிற்பது என்றால் என்ன என்று என் தோளுக்குத் தெரியும். இரண்டும் ஒரே வேரில் வந்தவை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆனால் அன்று அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை.

அந்த ஆறு பேரில் ஒருவர் எங்கள் பணிமனை மெக்கானிக். அவர்தான் அக்டோபரில் என்னைப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். அக்டோபர் முதல் ஏப்ரல்வரை புதன்கிழமை மாலைகளில், ஒரு தேவாலயக் கூடத்தில் பயிற்சி. இது எனக்கு நான்காவது வசந்தம்.

சலங்கையைக் கணுக்காலில் கட்டித்தான் நமக்குப் பழக்கம். மோரிஸில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் முன்பக்கம் கட்ட வேண்டும். தோல் வார்களில் சின்னச் சின்னப் பித்தளை மணிகள் வரிசையாக இருக்கும்; வார்களுக்கு இடையே வண்ண நாடா. தளர்த்திக் கட்டினால் இரண்டாவது ஆட்டத்திலேயே பாதத்துக்கு இறங்கிவிடும். இறுக்கினால் கால் மரத்துப்போகும். கட்டிக்கொண்டு ஒருமுறை குதித்துப் பார்த்து, அவிழ்த்து மறுபடி கட்டுவார் மெக்கானிக். கம்பு ஆட்டங்களும் உண்டு. அவரைக்காய் விதை ஊன்றும் ஆட்டம் என்று ஒன்று: குனிந்து கம்பின் நுனியால் தரையில் குத்தி, நிமிர்ந்து பக்கத்தில் இருப்பவர் கம்பில் அடிக்க வேண்டும். விதைக்குக் குழி போடுகிற கை அசைவுதான் அது. ஒரு மாலையில் இரண்டு கம்பாவது உடையும். சிலும்புகள் பறக்கும், குழந்தைகள் பொறுக்கிக்கொள்வார்கள்.

இப்போது சூரிய வழிபாட்டுக்கு வருகிறேன். மோரிஸ் ஆதிகால வழிபாட்டின் மிச்சம் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பு நாட்டார் கலை சேகரித்தவர்கள் நம்பிய கருத்து. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவு 1448ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லண்டன் பொற்கொல்லர் சங்கம் மோரிஸ் ஆட்டக்காரர்களுக்கு ஏழு ஷில்லிங் கொடுத்த கணக்கு அது. கூலிக் கணக்கு, ஐயா. அரசவையிலும் ஆடியிருக்கிறார்கள், தேவாலயத் திருவிழாக்களிலும் ஆடியிருக்கிறார்கள். பிறகு அது கிராமத்து உழைப்பாளிகளின் கைக்கு வந்தது.

ஆக்ஸ்போர்டின் ஒரு பகுதியான ஹெடிங்டனில், நான் தினமும் பஸ் ஓட்டும் லண்டன் சாலையில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அங்கே இருந்த ஒரு வீட்டில் 1899 டிசம்பர் 26 அன்று செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். பக்கத்து ஊரான ஹெடிங்டன் குவாரியின் மோரிஸ் ஆட்டக்காரர்கள் அந்த வாசலில் வந்து ஆடினார்கள். மே, ஜூன் வாக்கில் வரும் பெந்தகொஸ்தே வாரத்தில் ஆட வேண்டிய ஆட்டம் அது. அந்தக் கடுங்குளிரில் கட்டட வேலை நின்று, கையில் காசில்லாமல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆட வந்திருந்தார்கள். காலம் தப்பி வந்ததற்கு மன்னிப்பும் கேட்டார்கள். துருத்திப்பெட்டி வாசித்தவர் வில்லியம் கிம்பர், 27 வயதுக் கொத்தனார். மறுநாள் ஷார்ப் அவரை வரவழைத்து ஐந்து மெட்டுகளைக் குறித்துக்கொண்டார். இன்று இங்கிலாந்து முழுவதும் மோரிஸ் ஆடப்படுவதற்கு அந்தச் சந்திப்பு பெரிய காரணம். குவாரி தேவாலயத் தோட்டத்தில் கிம்பரின் கல்லறை இருக்கிறது. எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் அடங்கியிருப்பதும் அங்கேதான். அவரைத் தேடி உலகெங்கும் இருந்து வருகிறார்கள். என் பஸ்ஸில் வருபவர்களுக்கு நான் கிம்பர் பெயரையும் சொல்லி அனுப்புகிறேன்.

'ஆண்கள் மட்டும்' என்பதும் சரியில்லை. 1905இல் லண்டனில் தையல் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காக மேரி நீல் என்பவர் ஒரு சங்கம் நடத்திவந்தார். அவர் அழைத்ததும் கிம்பர் தன் உறவினர் ஒருவரோடு போய் அந்தப் பெண்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். மோரிஸ் மீண்டும் பரவத் தொடங்கியபோதே அதில் பெண்கள் இருந்தார்கள். பிறகு, 1934இல் அமைந்த மோரிஸ் ரிங் என்ற கூட்டமைப்பு ஆண்களுக்கு மட்டும் என்று இருந்து, 2018இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அதற்காகக் காத்திராமல் பெண்கள் 1975இலேயே தனிக் கூட்டமைப்பு கண்டுவிட்டார்கள். எங்கள் குழுவின் ஆட்ட வாத்தியார் ஒரு பெண்தான். நீங்கள் வெளியிட்ட படத்தின் வலது ஓரத்தில் பூச்சொருகிய தொப்பி ஒன்று பாதி தெரிகிறதே, அது அவருடையது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வேல்ஸை ஒட்டிய மேற்கு எல்லைப் பக்கத்து மோரிஸ் குழுக்கள் சில, முகம் முழுக்கக் கரி பூசி ஆடிவந்தன. கறுத்த தோலுள்ள எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. 2020இல் மோரிஸ் அமைப்புகள் கூடிப் பேசி அதைக் கைவிடுவதாக அறிவித்தன. அது நடந்திராவிட்டால் நான் மணி கட்டியிருக்க மாட்டேன்.

மே தினத்தோடு எங்கள் வசந்தம் முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகு புதன்கிழமை மாலைகளில் சிற்றூர்களின் பப் வாசல்களில் ஆடுகிறோம். மே மாதக் கடைசித் திங்கள் விடுமுறை நாள்; அன்று எல்லாரும் சேர்ந்து, ஆக்ஸ்போர்டுக்கு மேற்கே உள்ள பாம்ப்டன் என்ற சிற்றூருக்குப் பார்வையாளர்களாகப் போவோம். அங்கே ஆடுவது அந்த ஊர்க் குழுக்கள்தான். காலையில் தொடங்கி வீடு வீடாக, தோட்டத்துப் புல்தரையில் ஆடுவார்கள். வாள் ஏந்திய ஒருவர் கேக்குள்ள தகர டப்பா ஒன்றைச் சுமந்து கூடவே வருவார். வாளின் மேல்பகுதியில் ரிப்பனும் பூவும் கட்டியிருக்கும். கேக்கில் ஒரு துண்டு வாங்கித் தின்றால் அதிர்ஷ்டம் என்பார்கள். சென்ற ஆண்டு ஒரு பாட்டி தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆடுபவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடியவர்களில் ஒருவர் அடி தப்பியபோது பாட்டியின் தலை அசைந்ததை நான் பார்த்தேன். எங்கள் ஊர்த் திண்ணைகளில் ஒயிலாட்டம் பார்த்த கிழவிகளும் இப்படித்தான் காலைப் பார்ப்பார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம்தான். அந்தப் படக்குறிப்பில் சூரியனை எடுத்துவிட்டுக் கிம்பர் பெயரைப் போடுங்கள். பெண்களும் ஆடுகிறார்கள் என்று சேருங்கள்.

உங்கள் இதழின் படத்தைப் பணிமனையில் எல்லாருக்கும் காட்டினேன். இடமிருந்து இரண்டாவதாகக் கைக்குட்டையை உயர்த்தி நிற்பவர் எங்கள் மெக்கானிக். கீழே தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். திருத்தம் வந்ததும் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பஸ் ஓட்டுநர்,
ஹெடிங்டன், ஆக்ஸ்போர்டு