ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் வரும் வாக்கியம்: மாணவர் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் ஆங்கில இணைப்புச் சொற்களைப் பட்டியலிட்டு, 'தட்' என்றால் 'என்று', 'விச்' என்றால் 'எது', 'ஹூ' என்றால் 'யார்', 'வெயர்' என்றால் 'எங்கே' என்று ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுக்கும் வழக்கம் தொடர்ந்து வருகிறது. திருகோணமலையில் உள்ள தனியார் கல்வி நிலையங்கள் பலவற்றிலும் இதே பட்டியல்தான் கரும்பலகையில் ஏறுகிறது. கேள்வி கேட்கும் வாக்கியங்களுக்கு இது ஓரளவு உதவும். ஒரு பெயர்ச்சொல்லையும் அதைத் தொடர்ந்து வரும் துணைவாக்கியத்தையும் இணைக்கும் இடத்திலோ, சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளையை இந்தப் பட்டியலே குழப்பிவிடுகிறது. அந்த இடத்துக்கு வேண்டிய இலக்கணம் பிள்ளையின் தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறேன்.

தமிழில் பெயரை விளக்கும் வாக்கியம் பெயருக்கு முன்னால் வந்து பெயரெச்சமாக நின்றுவிடும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வரும். விளக்கம் அதன் பின்னால் தொடரும். இந்த இட மாற்றத்தை எல்லா ஆசிரியர்களும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்லாமல் விடுவது வேறொன்று. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறு வகைப் பெயர்களையும் பெயரெச்சம் கொண்டு முடியும் என்கிறது நன்னூல். மீன் வெட்டிய ஆள், அவர் வெட்டிய மீன், மீன் வெட்டிய கத்தி, மீன் வெட்டிய இடம், மீன் வெட்டிய நேரம் என எதைச் சொன்னாலும் 'வெட்டிய' என்னும் வடிவம் மாறுவதில்லை. கத்தி வெட்டவில்லை, கத்தியால் வெட்டினார்கள் என்பதைக் கேட்பவரே உணர்ந்துகொள்கிறார். ஆங்கிலம் அந்த உறவைக் கேட்பவரிடம் விட்டுவிடாமல் சொல்லாகவே எழுதிக் காட்டுகிறது. ஆளுக்கு 'த மேன் ஹூ கட் த ஃபிஷ்', இடத்துக்கு 'த பிளேஸ் வெயர் ஹீ கட் இட்', கத்திக்கு 'த நைஃப் ஹீ கட் இட் வித்' என்று வரும். கடைசி எடுத்துக்காட்டின் முடிவில் தனியாக நிற்கும் 'வித்' என்னும் சொல்லை நம் பிள்ளைகள் விட்டுவிடுவது வழக்கம். தமிழில் 'ஆல்' உருபு மறைந்துவிடுவதால் ஆங்கிலத்திலும் அது வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். ஆறு வகைப் பெயர்களையும் ஒருமுறை நினைவூட்டி, எந்த வகைக்கு ஆங்கிலம் எந்தச் சொல்லைக் கேட்கிறது என்று காட்டினால் இந்தப் பிழையின் காரணம் பிள்ளைக்கே விளங்கும். 'விச் என்றால் எது' என்னும் மனப்பாடம் அங்கே எதற்கும் உதவாது.

இணைப்புச் சொல் இல்லாமலும் ஆங்கிலப் பேச்சில் பெயரும் வாக்கியமும் அடுத்தடுத்து நிற்கும். 'த ஃபிஷ் வீ போட்' என்றால் நாங்கள் வாங்கிய மீன். இப்படி விட்டுவிட ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பெயர் துணைவாக்கியத்தின் எழுவாயாக இருக்கக்கூடாது. 'நேற்று வந்தவர் என் மாமா' என்பதை 'த மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்' என்று எழுதும் பிள்ளை, 'வந்தவர்' என்னும் சொல்லுக்குள்ளேயே இணைப்பு அடங்கியிருப்பதால் ஆங்கிலத்திலும் அப்படி இருக்கும் என்று எண்ணியே எழுதுகிறது. அங்கே 'ஹூ' கட்டாயம். அது இல்லாவிட்டால் 'கேம்' என்பதே வாக்கியத்தின் முடிவு என்று படிப்பவர் எண்ணி, அடுத்து வரும் 'இஸ்' என்பதைக் கண்டு திகைப்பார்.

இனி 'தட்'. பட்டியல் முறையின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. 'த நியூஸ் தட் ஹீ சென்ட்' என்றால் 'அவர் அனுப்பிய செய்தி'. அதோடு ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து 'த நியூஸ் தட் ஹீ சென்ட் மணி' என்றால் 'அவர் பணம் அனுப்பினார் என்ற செய்தி'. முதலாவதில் செய்திதான் அனுப்பப்பட்ட பொருள். துணைவாக்கியத்தில் அதற்கென ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. இரண்டாவதில் வாக்கியம் தன்னளவில் நிறைவானது. செய்தியின் உள்ளடக்கமே அதுதான். ஆங்கிலம் இரண்டுக்கும் 'தட்' என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. தமிழோ முதலாவதற்குப் பெயரெச்சத்தையும் இரண்டாவதற்கு 'என்ற', 'என்னும்' ஆகியவற்றையும் தருகிறது. ('அவர் இறந்த செய்தி' போன்ற வழக்குகளில் 'என்ற' இல்லாமலும் உள்ளடக்கம் வரும் என்பது உண்மை, ஆனாலும் அங்கே 'அவர் இறந்தார் என்ற செய்தி' என்று மாற்றிச் சொல்லிப் பார்க்கலாம்.) ஆகவே, தமிழில் 'என்ற' வருமா என்று கேட்டாலே பிள்ளைக்கு விடை கிடைத்துவிடும். 'என்ற' வரும் இடத்தில் 'தட்' என்பதற்குப் பதிலாக 'விச்' போட முடியாது. பெயருக்குப் பின் அதைப் பெரும்பாலும் விட்டுவிடவும் முடியாது. நம்பிக்கை, வதந்தி, அச்சம், வாக்குறுதி, வாய்ப்பு போன்ற பெயர்களுக்கான ஆங்கிலச் சொற்கள் எல்லாம் இந்த இரண்டாம் வகையை ஏற்பவை. வருவாரா, மாட்டாரா என்ற ஐயமாக இருந்தால் 'தட்' இருந்த இடத்துக்கு 'வெதர்' வரும். தமிழில் 'வருவாரா என்ற கேள்வி' என்று 'ஆ' சேர்வதைப் போல.

இதோடு தொடர்புடையது 'த ஃபேக்ட் தட்' என்னும் தொடர். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் ஆங்கிலம் இந்நாட்டின் அரசியலமைப்பில் இணைப்பு மொழியாக இடம்பெற்றது. மூவினத்தவரும் வாழும் எங்கள் மாவட்டத்தில் அலுவலகக் கடிதங்கள் பலவும் அந்த மொழியில் வருவதால் இந்தத் தொடரைக் காணாமல் இருக்க முடியாது. 'டிஸ்பைட்', 'டியூ டு' போன்ற ஆங்கில முன்னிடைச் சொற்கள் 'தட்' வாக்கியத்தை நேரடியாகத் தாங்குவதில்லை. நடுவில் ஒரு பெயர் வேண்டும். அதற்காகவே 'ஃபேக்ட்' என்னும் பெயர் அங்கே கொண்டுவந்து வைக்கப்படுகிறது. அதற்குத் தனிப்பொருள் தேடி, 'மழை பெய்தது என்ற உண்மை இருந்தபோதிலும்' என்று தமிழில் எழுதுவது வீண்வேலை. 'மழை பெய்தும்' என்றால் முடிந்தது. தங்கள் பத்திரிகையின் மொழிபெயர்ப்புச் செய்திகளிலும் 'என்ற உண்மையானது' அவ்வப்போது தலைகாட்டுவதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 'அவர் வராதது கவலை தருகிறது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அவர் வரவில்லை என்ற உண்மையானது கவலை தருகிறது' என்று எழுதினால், அவர் வந்தாரா இல்லையா என்று யாரோ வழக்காடியதைப் போலத் தோன்றுகிறது.

காலப் பெயர்களில் இரு மொழிகளும் நெருங்கி வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது சுவையானது. கிண்ணியாவில் 2009இல் பாலம் திறந்த நாளை 'த டே த பிரிட்ஜ் ஓபன்ட்' எனலாம். நடுவில் எந்த இணைப்புச் சொல்லும் வேண்டியதில்லை. 'எவ்ரி டைம்', 'த மோமென்ட்', 'பை த டைம்' ஆகியவை பெயர்களாகத் தொடங்கினாலும் பேச்சில் இணைப்புச் சொற்களாகவே இயங்குகின்றன. 'வந்தபோது' என்பதில் உள்ள 'போது' பொழுதைக் குறிக்கும் பெயர்தானே. இன்று முழு இணைப்புச் சொல்லாகிவிட்ட 'பிகோஸ்' கூட முன்பு 'காரணத்தால்' என்று பொருள்படும் இரு சொற்களாக இருந்து ஒன்றானதே. 'வைல்' பழைய ஆங்கிலத்தில் காலத்தைக் குறித்த பெயர். காரணத்துக்கு 'த ரீசன் வை', 'த ரீசன் தட்' இரண்டும் சரி. விதத்துக்கு மட்டும் 'த வே' என்று நிறுத்த வேண்டும். அதோடு 'ஹவ்' சேர்த்தால் பிழை.

காற்புள்ளியைப் பற்றியும் ஒரு சொல். 'மூதூரில் இருக்கும் என் தம்பி' என்றால் எனக்கு ஒரு தம்பியா, பலரா என்று தமிழில் தெரியாது. ஆங்கிலத்தில் 'ஹூ' என்பதற்கு முன் காற்புள்ளி இருந்தால் ஒரே தம்பி. இல்லாவிட்டால் வேறு தம்பிகளும் இருக்கிறார்கள் என்று பொருள்படும்.

எனவே மாணவர் பக்கத்தில் சொற்பட்டியலை நிறுத்திவிட்டு, ஒரே பெயருக்குப் பின் இருவகை வாக்கியமும் வரும் இணை எடுத்துக்காட்டுகளைக் கிழமைதோறும் சிலவாக வெளியிட்டு, அவற்றின் தமிழ் வடிவில் பெயரெச்சம் எது, 'என்ற' எது என்று மாணவரையே குறிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடைகளை அடுத்த இதழில் காரணத்தோடு வெளியிட்டால், ஆசிரியர்களும் அவற்றை வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.