அம்மாவுக்கு, ஹனோயின் முதல் நான்கு நாட்களைப் பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் வியட்நாமின் தலைநகர் ஹனோயில் தங்கிய முதல் நான்கு நாட்களும் நீங்கள் இரவு தவறாமல் அழைத்தீர்கள். "சாப்பிட்டாயா, கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" என்ற மூன்று கேள்விகளுக்கும் நான் நான்கு நாட்களும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். அந்தப் பதில்களில் பாதி உண்மையில்லை. உங்களைக் கவலையில் ஆழ்த்தக் கூடாது என்பதற்காக அப்படிச் சொன்னேன். ஆனால் நடந்ததை மறைத்ததால், அங்கே எனக்குக் கிடைத்த நல்லவற்றையும் சேர்த்தே மறைத்துவிட்டேன் என்பது ஊர் திரும்பிய பிறகுதான் புரிந்தது. ஆகவே இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

தாழ்ப்பாள் இல்லை, அம்மா. விமான நிலையத்திலிருந்து 86ஆம் எண் பேருந்தில் ஏறி, பழைய நகரத்தின் ஓரத்தில் இறங்கி, முதுகுப் பையோடு தேடிக் கண்டுபிடித்த அந்த விடுதி அறையில் எட்டுப் பேருக்கு நான்கு அடுக்குக் கட்டில்கள் இருந்தன. கதவு இரவெல்லாம் திறந்து திறந்து மூடியது. பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு விடியும்வரை அரைத்தூக்கத்தில் கிடந்தேன். நீங்கள் அழைத்தபோது எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. அதனால்தான் "சிக்னல் சரியில்லை" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலையில் சாலையைக் கடக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஹோவான் கியெம் ஏரிக்கு வடக்கே பல தெருக்கள் ஒன்றுகூடும் இடம் அது. மோட்டார் சைக்கிள்கள் ஒன்றோடொன்று தோள் உரசுவதுபோல் வந்துகொண்டே இருந்தன. இடைவெளி என்று ஒன்று விழவே இல்லை. போதாக்குறைக்கு அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. வலப்பக்கம் பார்த்தே சாலையில் கால் வைத்துப் பழகிய எனக்கு, ஆபத்து இடப்பக்கத்திலிருந்து வந்தது. அப்போது தோளில் காவடித்தண்டு வைத்து, இரு புறமும் கூடைகளில் பழம் சுமந்து வந்த ஒரு பெண்மணி, நின்று பார்க்காமல், வேகத்தைக் கூட்டாமல், குறைக்காமல், அப்படியே சாலைக்குள் இறங்கினார். நான் அவருடைய பின்கூடையை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வண்டிகள் எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு, ஆற்று நீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல் விலகிப் போயின. நடுவில் நின்றாலும், பயந்து பின்வாங்கினாலும்தான் ஆபத்து. ஒரே சீராக நடப்பவரை ஓட்டுபவர்கள் கணக்குப் போட்டு விலகிவிடுகிறார்கள். எதிர்ப்புறம் சேர்ந்தபின் அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மாலைக்குள் நான் அந்தச் சாலையை வேண்டுமென்றே ஆறு முறை கடந்திருப்பேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் உண்மை. வியட்நாமிய மொழியில் 'ஆன் சாய்' என்றால் சைவ உணவு உண்பது; பௌத்த வழக்கப்படி சந்திர மாதக் கணக்கில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் புலால் உண்பதில்லை என்பதால், அந்தச் சொல் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் மீன் சாறு எதில் கலந்திருக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். என்னைக் காப்பாற்றியது 'சோய் செயோ' என்ற காலை உணவு. மஞ்சள் சேர்த்து அவித்த பசையரிசிச் சோறு. அதன்மேல், வேகவைத்து மசித்து உருண்டையாகப் பிடித்த பாசிப்பருப்பை, கையில் வைத்தபடியே கத்தியால் மெல்லிய சீவல்களாகச் சீவி உதிர்ப்பார்கள். அதற்கும் மேல் பொன்னிறமாகப் பொரித்த சின்ன வெங்காயம். கடைசியில் விலங்குக் கொழுப்பை உருக்கிய எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றுவார்கள். அதை மட்டும் கையசைத்து வேண்டாம் என்றேன். வாழை இலையில் மடித்துத் தந்த அந்தப் பொட்டலத்தின் சூடு கையில் பட்டபோது, முதன்முறையாக அந்த ஊரில் எனக்குப் பசித்தது.

இனி நான் உங்களிடம் சொல்லவே பயந்த ஒன்று. இரண்டாம் நாள் மதியம், நடைபாதையில் சின்னப் பிளாஸ்டிக் முக்காலிகள் போட்டு ஐஸ் போட்ட பச்சைத் தேநீர் விற்கும் ஒரு பாட்டியிடம், அந்நாட்டு நாணயத்தில் 20,000 டாங் தாள் என்று நினைத்து 500,000 டாங் தாளைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கை நீட்டினேன். இரண்டும் நீல நிறம். இரண்டின் முகப்பிலும் அந்நாட்டின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின்தான். முதலாவது நம் பணத்தில் சுமார் எழுபது ரூபாய்தான், இரண்டாவது 1,600 ரூபாய்க்கு மேல். பாட்டி தலையை ஆட்டிக்கொண்டு, தன் இடுப்புப் பையிலிருந்து ஒரு 20,000 தாளை எடுத்து, இரண்டையும் முழங்கால்மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பின்புறம் திருப்பினார். ஒன்றில் ஹோய் ஆன் நகரின் கூரை வேய்ந்த பாலம். மற்றொன்றில் ஹோ சி மின் பிறந்த ஊரின் வீடு. பாலத்தை விரலால் தொட்டுத் தேநீர்க் குவளையைக் காட்டினார். வீட்டைத் தொட்டு என் பையைக் காட்டி, உள்ளே வை என்று சைகை செய்தார். நான் சரியாகப் பார்த்துக்கொண்டேனா என்று இரண்டாம் முறையும் திருப்பிக் காட்டிய பிறகே பணத்தை வாங்கினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நீங்கள் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை அது.

பழைய நகரத்தின் தெருக்களை விரிவாகச் சொல்லப் போவதில்லை. வெள்ளிக்கு ஒரு தெரு, தகரத்துக்கு ஒரு தெரு, மூலிகை மருந்துக்கு ஒரு தெரு என்று தொழிலின் பெயரால் அமைந்தவை. பெயரில் உள்ள சரக்கு சில தெருக்களில் இன்றும் விற்கிறது, பலவற்றில் இல்லை. உங்களுக்குப் பிடிக்கக்கூடியது வேறொன்று. விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த பெண், அவர்கள் மொழியில் 'மா' என்ற ஒரே ஓசை ஆறு தொனிகளில் ஆறு சொற்களாகும் என்று சொல்லிக்கொடுத்தாள்: பேய், ஆனால், கல்லறை, நாற்று, குதிரை, ஆறாவது, தெற்கே அம்மா என்று பொருள்படும் சொல். நமக்கும் 'மா' என்றால் குதிரை என்று நீங்கள் வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்து, அவளிடம் சொன்னேன். வெறும் தற்செயல் ஒற்றுமைதான். அவர்களுக்கு அது சீனத்திலிருந்து வந்த சொல். ஆனாலும் அவள் அதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வான் மியெவ் என்னும் இலக்கியக் கோயிலுக்குப் போனேன். 1070இல் சீன அறிஞர் கன்ஃபூசியஸுக்காகக் கட்டப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து அரச கல்விக்கூடமும் அங்கேயே தொடங்கியது. அங்கு நான் மூன்று மணி நேரம் இருந்தேன், முழுக்க உங்கள் நினைவாகவே. வரிசை வரிசையாக 82 கல் ஆமைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் உயரமான கல்வெட்டு. 1442 முதல் 1779 வரை அரசின் உயர்தேர்வில் தேறியவர்களின் பெயரும் ஊரும், 1,300க்கும் மேற்பட்டவை, அவற்றில் பொறித்திருக்கின்றன. 1442ஆம் ஆண்டுத் தேர்வுக்கான கல்லில், திறமையும் பண்பும் உடையவர்களே நாட்டின் உயிராற்றல் என்ற கருத்தும் பொறித்திருக்கிறது. பிள்ளைகள் தேர்வுக்கு முன் ஆமைகளின் தலையைத் தடவித் தடவிக் கல் வழுவழுப்பாகிவிட்டதால் இப்போது தடுப்பு வைத்திருக்கிறார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்த நீங்கள் அங்கே நின்றிருந்தால், ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

நான்காம் நாள் விடிகாலையில் லாங் பியென் பாலத்தில் தனியாக நடந்தேன். பிரெஞ்சு ஆட்சியில் 1899இல் தொடங்கி 1902இல் முடித்த இரும்புப் பாலம். 1967இலும் 1972இலும் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசித் தகர்த்தன. பழைய இரும்புச் சட்டங்கள் உயர்ந்து தாழ்ந்து வளைந்து போக, பின்னர் மாற்றிய பகுதிகள் தட்டையாக நிற்பதால், குண்டு விழுந்த இடங்களை இன்றும் கண்ணால் எண்ணலாம். நடுவில் ரயில் பாதை, இரு புறமும் மோட்டார் சைக்கிள்கள்; அந்தப் பாலத்தில் மட்டும் வண்டிகள் நம் ஊர்போல இடப்பக்கம் போகின்றன. கீழே செந்நிற ஆற்றின் நடுத்திட்டில் வாழைத் தோட்டம். ரயில் வந்தபோது நடைபாதைக் கற்பலகைகள் காலடியில் அதிர்ந்தன. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பயம் வரவில்லை. உங்களை அழைக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் நம் ஊரில் அப்போது மணி நான்கு.

உங்கள் கடவுச்சீட்டு மூன்று ஆண்டுகளாகப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. விசாவை இணையத்திலேயே எடுத்துவிடலாம். இருவருக்கும் தாழ்ப்பாள் உள்ள அறையாகவே பார்க்கிறேன். பாட்டி காட்டியதைப் போன்ற ஒரு 20,000 தாளைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்து, பின்புறம் திருப்பி, பாலத்தைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்