சரவணா, அந்த ஹாலோ 5 பத்தி

டேய் சரவணா,

நல்லா இருக்கியா. அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும், காதை மூடிக்கிட்டு வெளிய போ, ராத்திரி சீக்கிரம் தூங்கு, அம்மா எழுதச் சொன்னா. இங்க எல்லாரும் சௌக்கியம். மெட்ரோக்காரன் தோண்டிப் போட்டதுல நம்ம அயனாவரம் பக்கம் ஆட்டோ கூப்பிட்டாலே வர மாட்டேங்கிறான், அம்மா முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தோம், அதைப் பத்தி கீழ எழுதறேன், இப்ப சொல்ல வந்தது வேற.

முகில்கிட்ட போன்ல சொன்னியாமே, அந்த ஹாலோ 5-ஐ தொடாதடா, குப்பை, வரிசையிலயே மட்டமான கேம் அதான்னு. மாமா சொல்லிட்டாருன்னா அவனுக்கு அதுக்கு மேல பேச்சே கிடையாது, டிஸ்கை எடுத்து கவர்ல போட்டு அலமாரி மேல தூக்கி வச்சுட்டான். எனக்கு அது சரியா படலடா. அக்கா புள்ளகிட்ட போன் பண்ணி அரை மணி நேரம் கேம் பத்தி பேசறே, சந்தோஷம், பேசு, அவன் அன்னிக்கு பூரா மாமா மாமான்னு சொல்லிட்டுத் திரியறான். ஆனா முழுசா திட்டிட்டு போற அளவுக்கு அந்த கேம் என்ன பண்ணுச்சு? அப்பாவுக்கு என்ன தெரியும்னு நினைக்காத. ரிட்டயர் ஆனதுல இருந்து மத்தியானம் எனக்கு அதான் வேலை. 15 லெவலும் முடிச்சேன், ஈஸிலதான், இருந்தாலும் முடிச்சேன்.

முதல்ல உன் கட்சிக்கே வர்றேன். ஏமாத்துனாங்க, அது உண்மை. கேம் வர்றதுக்கு முன்னாடி வந்த விளம்பரம் ஞாபகம் இருக்கா, இடிஞ்ச ஊரு, ஒண்ணுல நம்ம ஹீரோ மாஸ்டர் சீஃப் அடிபட்டு கிடக்கான், அவனைப் பிடிக்க அனுப்பின லாக் வந்து துப்பாக்கி நீட்டறான், இன்னொண்ணுல ஆளை மாத்திப் போட்டு அதே சீன். அப்புறம் அந்த ஹன்ட் தி ட்ரூத்னு ரேடியோ நாடகம் மாதிரி ஒண்ணு விட்டாங்க, அதை ஹெட்போன் போட்டுக்கிட்டு ராத்திரி 12 மணி வரைக்கும் கேப்பே. சீஃப் துரோகியா, அவனைப் பத்தி இத்தனை நாளா சொன்னதெல்லாம் பொய்யான்னு ஒரே பரபரப்பு. 2015 அக்டோபர் கடைசில கேம் வந்துச்சு, போட்டுப் பாத்தா துரோகமும் இல்ல, துரத்தலும் பேருக்குத்தான். லாக்கும் சீஃபும் நேருக்கு நேர் மோதறது ஒரே ஒரு இடம், அதுவும் நாம சும்மா பாக்கணும், ஆட முடியாது. கை கலப்பு, ஹெல்மெட் கண்ணாடி விரிசல் விடுது, லாக் கொண்டு வந்த விலங்கை சீஃப் அவன் மேலயே ஒட்டிட்டு நடையைக் கட்டிடறான், அவ்ளோதான். 15 லெவல்ல சீஃபா ஆடறது மூணே மூணு. மீதி 12-ம் லாக். ரஜினி படம்னு போஸ்டர் ஒட்டிட்டு உள்ள வேற யாரையோ காட்டினா தியேட்டர் சேர் மிஞ்சுமா நம்ம ஊர்ல. நீ கோவப்பட்டதுல தப்பே இல்ல.

அந்த வார்டன் எடர்னல்னு ஒரு ராட்சஸ வில்லன் வர்றானே, அவன் விஷயத்துலயும் உன் பக்கம்தான். அடிச்சா திரும்ப வர்றான், இன்னொரு லெவல்ல திரும்ப வர்றான், கடைசில ஒரே நேரத்துல மூணு பேரா வர்றான். முகில் கன்ட்ரோலரை வச்சுட்டு தண்ணி குடிக்க போயிட்டான். கூட வர்ற மூணு ஆளும் நாம விழுந்தா தூக்கி விடணும்னு ஏற்பாடு, ஆனா தூக்க வர்றவன் அதே குண்டுக்கு நடுவுல வந்து அவனும் விழறான்.

ஆனா சீஃபோட கூடவே இருந்த அந்த கம்ப்யூட்டர் பொண்ணு கோர்டானா விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். ஹாலோ 4-ல செத்துப் போனவளை எதுக்கு கொண்டு வந்து வில்லி ஆக்கினாங்கன்னு எல்லாரும் திட்டறாங்க, நீயும் திட்டினே. உங்க அம்மாவே திட்டினா, உனக்குத் தெரியும், 2012-ல 4 முடிஞ்சப்ப அந்த நீலப் பொண்ணு சீஃபைத் தொட்டுட்டு போறதைப் பாத்துட்டு அம்மா சமையக்கட்டுக்குள்ள போனவ அப்புறம்தான் வெளிய வந்தா. ஆனா யோசிடா. அவளுக்கு ஆயுசே 7 வருஷம்னு வச்சுட்டாங்க, அதுக்கு மேல புத்தி பேதலிச்சு சாகணும். அதுக்கு ஒரு மருந்து கிடைச்சிருக்கு, அதை என் மாதிரி இருக்கறவங்க எல்லாருக்கும் தர்றேன்னு சொல்றா, எல்லாருக்கும் வேண்டியதை நானே செய்யறேன், சண்டையே வேணாம், மீறுனா மட்டும் அடிப்பேன்னு சொல்றா. இது நம்ம குடும்பத்துல ரெண்டு மூணு பேர் சொல்றதுதானே, பெரம்பூர் அத்தை உட்பட. அவளைக் கெட்டவளா மாத்துனது தப்பில்ல. அவசர அவசரமா மாத்துனாங்க, நமக்கு அவளோட உக்காந்து பேச நேரமே தரல, அதுதான் தப்பு.

சீஃப் மேலதான் எனக்குக் கோவம். கேப்டன் லாஸ்கி கப்பலுக்கு திரும்பி வான்னு சொல்றார். இவன் வர மாட்டேன்னு மூணு பேரைக் கூட்டிக்கிட்டு கிளம்பிடறான். ஏன் போறேன்னு சொல்றதில்ல. அவன் போனதுல நியாயம் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த லாஸ்கி என்ன வேத்து ஆளா? ரெண்டு வார்த்தை பேசியிருந்தா ஆள் அனுப்பி துரத்த வேண்டிய வேலையே இல்லையே. இந்த மாதிரி ரோஷத்தை எல்லாரும் பெரிய வீரம்னு நினைக்கறாங்க. சரி விடு.

நல்லதைச் சொல்லாம விட்டா பாவம். ஓடறது குதிக்கறது சுவத்தைப் பிடிச்சு ஏறறது எல்லாம் அவ்ளோ வழவழன்னு இருக்கு. மேல இருந்து தரையில வந்து குத்துற அந்த அடி விழும்போதெல்லாம் முகில் ஒரு கத்து கத்துவான், கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் மேல வந்து பாத்துட்டு போனார். நாலுக்கு நாலு ஆடற அரீனாவை நீயே நல்லா இருக்குன்னு சொல்லிருக்கே, ஆபீஸ் பசங்களோட விடிய விடிய ஆடினது யாரு? 24 பேர் ஆடற வார்ஸோனும் மோசமில்ல, அதுல சீட்டுக் கட்டு மாதிரி பாக்கெட் வித்து காசு பிடுங்கினாங்க பாரு, அது எனக்குப் பிடிக்கல, லாட்டரியேதான் அது. ஆனா அப்புறம் வந்த மேப்பை எல்லாம் காசில்லாம கொடுத்தாங்களே. அதையும் சேத்துச் சொல்லணும்ல. ஒரு விஷயம் பிடிக்கலன்னா அதுல இருந்த நல்லதெல்லாம் இல்லவே இல்லன்னு பேசறது உனக்கு சின்ன வயசுலயே உண்டு. உங்க அக்காவுக்கும் உண்டு. எங்க இருந்து வந்துச்சோ, அம்மா என்னைக் காட்டறா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த கேமுக்கு நிஜமா திட்டு விழ வேண்டியது ஒரே இடத்துலதான், அதை நீ முகில்கிட்ட சொல்லவே இல்ல. ஸ்பிளிட் ஸ்க்ரீனை எடுத்தது.

அவன் என்கிட்ட கேட்டதே அதான். தாத்தா, ரெண்டு கன்ட்ரோலர் இருக்கே, நாம ரெண்டு பேரும் ஏன் ஆட முடியலன்னு. என்ன சொல்ல. ஹாலோன்னா அதுதானேடா? துபாய் மாமா கொண்டு வந்த அந்த எக்ஸ்பாக்ஸ் 360-ல டிவியை மேல பாதி கீழ பாதி பிரிச்சு நீங்க ரெண்டு பேரும் ஆடினீங்களே, ஹாலோ 3-ல நீ சீஃப், அக்கா எப்பவும் அந்த நாலு தாடைக்காரன் அர்பிட்டர். என் ஸ்க்ரீனை ஏன் பாக்கறேன்னு அடிச்சுக்கறது, அம்மா கரண்டியோட வந்து நிக்கறது. ஹாலோ ரீச் ஆடும்போது கரண்ட் கட், மெட்ராஸ்லயே 2 மணி நேரம், சேவ் ஆயிடுச்சா இல்லையான்னு இருட்டுல உக்காந்து ரெண்டு பேரும் பந்தயம் கட்டிட்டு இருப்பீங்க. 3 முடியற இடம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு, கப்பல் ரெண்டா பிளந்து முன் பாதில அர்பிட்டர் வீட்டுக்கு வந்து சேந்துடறான், பின் பாதியோட சீஃப் எங்கயோ போயிடறான், செத்துட்டான்னே நினைக்கறாங்க. அன்னிக்கு அக்கா அழுதா. நீ கிண்டல் பண்ணிட்டு அப்புறம் நீயும் மாடிக்கு போயிட்டே.

அதையெல்லாம் தூக்கிட்டாங்க. காரணம் என்னன்னா நொடிக்கு 60 பிரேம் ஓடணுமாம், படம் வழவழன்னு இருக்கணுமாம், ரெண்டு பேருக்கு ரெண்டு தடவை வரையணும்னா அந்தப் பொட்டி தாங்காதாம். நான் அத்தனை வருஷம் ஐசிஎஃப்ல வேலை பாத்தவன், ஒண்ணு வேணும்னா ஒண்ணை விடணும்கிறது எனக்கும் தெரியும். ஆனா வேகம் கூடணும்னு கோச்சுல இருக்கற பெர்த்தை கழட்டிப் போட்டா அதுல யாருடா போவா? இதுல கொடுமை என்னன்னா கேமையே நாலு பேர் சேந்து ஆடற மாதிரிதான் கட்டியிருக்காங்க, லாக் பக்கம் நாலு பேர், சீஃப் பக்கம் நாலு பேர். ஆனா அந்த நாலு பேரும் நாலு வீட்டுல இருக்கணும், ஆளுக்கு ஒரு பாக்ஸ், ஆளுக்கு ஒரு டிஸ்க், ஆளுக்கு ஒரு சந்தா. ஒரே வீட்டுல பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கு இடமில்ல. 2017-ல அந்தக் கம்பெனி தலைவியே இனிமே வர்ற ஹாலோல ஸ்பிளிட் ஸ்க்ரீன் கண்டிப்பா இருக்கும்னு சொன்னாங்க, சரி பட்டுத் திருந்திட்டாங்கன்னு பாத்தா 2021-ல ஹாலோ இன்ஃபினிட் வந்துச்சு, அடுத்த வருஷம் கதைப் பகுதிக்கு மட்டும் அதை செய்யப் போறதில்லன்னு கைய விரிச்சுட்டாங்க. ஒரு தடவை எடுத்துட்டா திரும்ப வைக்கறது அவ்ளோ கஷ்டம் போல.

இன்னொண்ணு, இதை நீ கவனிச்சியான்னு தெரியல. 5-ல அர்பிட்டர் திரும்ப வர்றான், நல்லா வயசாகி மரியாதையா இருக்கான், அவன் ஊருக்கே போறோம், ஆனா அங்க ஆடறதெல்லாம் லாக். கடைசி சீன்ல சீஃபும் அங்க வந்து இறங்கறான். அத்தனை சண்டை சேந்து போட்டவங்க, ஒருத்தன் இன்னொருத்தன் செத்துட்டான்னு நினைச்சவங்க. ஒரே இடத்துல நிக்கறாங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கற மாதிரி காட்டல. நான் முடிஞ்சதும் பேர் ஓடறது பூரா பாத்துட்டு இருந்தேன், அதுக்கு அப்புறம் ஏதாவது வரும்னு. இந்த ஒண்ணுக்காகவே அந்த கேமை எவ்வளவு வேணா திட்டலாம், திட்டு.

அந்த பாக்ஸ் நீ மொத சம்பளத்துல வாங்கினது, என்கிட்ட ஒரு ரூபா கேக்கல, அதை இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். டிசம்பர் வெள்ளத்துல கீழ தண்ணி ஏறினப்ப நீ ஆபீஸ்ல மாட்டிக்கிட்டே, அதைத் தலைல வச்சு மாடிக்கு தூக்கிட்டு போனது யாருன்னு உனக்கே தெரியும், அவ சர்டிபிகேட் ஃபைலைக்கூட அப்புறம்தான் எடுத்தா. திருநின்றவூர் மனை விஷயமா நான் எதுவும் எழுத மாட்டேன், அம்மாகிட்ட வாக்கு கொடுத்திருக்கேன். சாப்பாடு நேரத்துக்கு சாப்பிடு. ஐஸ் ரோட்டுல வண்டி ஓட்டாத, ஓட்டறதா இருந்தா மெதுவா ஓட்டு. அம்மாவுக்கு ஆபரேஷன் எல்லாம் தேவையில்லன்னுட்டாங்க, எண்ணெயும் நடையும்தான்.

ஒரு உதவி வேணும். முகிலுக்கு பழைய ஹாலோ எல்லாம் ஒண்ணா சேத்து வந்ததே, மாஸ்டர் சீஃப் கலெக்ஷன், அது உன் அக்கவுண்ட்ல வாங்கி வச்சிருக்கே. அதுல ரெண்டு பேர் சேந்து ஆடலாம், 3-ம் இருக்கு, ரீச்சும் இருக்கு. ஆனா பாக்ஸ் இப்ப திரும்ப பாஸ்வேர்டு கேக்குது. அதை மெசேஜ்ல அனுப்பாத, யாராவது பாத்துடுவாங்க. பாஸ்வேர்டு போட்டதும் உன் போனுக்கு ஒரு நம்பர் வருமாம், அதை உடனே சொல்லணுமாம், கொஞ்ச நேரம் போனா செல்லாதாம். அதனால நீ லைன்லயே இருக்கணும். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு மேல கூப்பிடு, உனக்கு அங்க சனிக்கிழமை ராத்திரியா இருக்கும். எனக்கு அந்த கன்ட்ரோலரை வச்சு ஒவ்வொரு எழுத்தா தேடி அடிக்க வராது, முகில் தப்புத் தப்பா அடிப்பான். உங்க அக்கா அன்னிக்கு இங்கதான் இருப்பா, அவதான் அடிப்பா, அவகிட்டயே நேரா சொல்லிடு.

அப்பா