செயலாளரின் ஆண்டறிக்கை: பழையாறைக்கு வந்தவர்களும் நாமும்

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம். போன ஆடியிலிருந்து இந்த ஆனி வரை சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த ஆண்டும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் இறங்கியதும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அரண்மனை எங்கே இருக்கு?" கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டோ படமாகப் பார்த்துவிட்டோ சோழர் தலைநகராக இருந்த நம் பழையாறையில் குந்தவை வாழ்ந்த இடத்தைத் தேடி வருகிறார்கள். பக்கத்தில் சோழன்மாளிகை என்று ஊர்ப்பெயரைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்துவிடுகிறது. உள்ளே போனால் நம் வீடுகள், வயல், வாய்க்கால். சிலர் பத்து நிமிடத்தில் திரும்பிப் போய்விட்டார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்கிறது. சோழர்கள் சாமிக்குக் கல்லில் கோயில் கட்டினார்கள். தாங்கள் குடியிருந்த மாளிகைகளைச் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டிக்கொண்டார்கள். மரம் மக்கிப்போகும், செங்கல்லைப் பின்னால் வந்தவர்கள் பெயர்த்து எடுத்துப் போவார்கள். மாளிகை போனாலும் பெயர்கள் நிற்கின்றன. அப்பர் காலத்தில் பழையாறை, பல்லவர் காலத்தில் நந்திபுரம், ராஜேந்திரன் காலத்தில் முடிகொண்ட சோழபுரம், இரண்டாம் ராஜராஜன் காலத்தில் ராஜராஜபுரம். நாதன்கோயில் பெருமாள் இன்றும் நந்திபுர விண்ணகரத்துப் பெருமாள்தான். முடிகொண்டான் ஆறு இன்னும் ஓடுகிறது. ஆரியப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர், பம்பைப்படையூர் என்று நான்கு திசைக்கும் படை தங்கிய படைவீடுகள் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள்; நான்கு பெயரும் இன்று பேருந்துப் பலகையில் வருகிற சாதாரணப் பெயர்கள். இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னால் வந்தவர்கள் நின்று கேட்கிறார்கள்.

அதனால்தான் இந்த ஆண்டு நடைப்பயணம் ஆரம்பித்தோம். பட்டீஸ்வரம் துர்க்கை சன்னதிக்குச் செவ்வாய், வெள்ளி ராகு காலத்தில் வரும் கூட்டம் நமக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் கும்பிட்டுவிட்டு அப்படியே கும்பகோணத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கேயே போய் நின்று கூப்பிட்டோம். முதல் இரண்டு வாரம் யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் வந்தது, அப்புறம் பழகிவிட்டது. திருஞானசம்பந்தர் வெயிலில் வருகிறாரே என்று சாமி முத்துப்பந்தல் அனுப்பியதும், பிள்ளை வரும் அழகைப் பார்க்க நந்தியை விலகச் சொன்னதும் பட்டீஸ்வரத்துக் கதை. விலகி நிற்கும் நந்தியைக் காட்டித்தான் நடையை ஆரம்பிக்கிறோம். பழையாறை சோமநாதர் கோயிலில் குதிரையும் சக்கரமும் பூட்டிய தேர் மண்டபத்தைப் பார்த்தவுடன், "தாராசுரத்துல இதே மாதிரி பார்த்தோமே" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

கதை சொல்வதில் நம் பள்ளிப் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது. அமர்நீதி நாயனார் இந்த ஊர் வணிகர். ஒரு கோவணத்துக்கு ஈடாகத் துணி, பொன் என்று வைத்தும் தராசு சமமாகாமல், கடைசியில் மனைவி பிள்ளையோடு தானே தட்டில் ஏறி நின்றவர். இதை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தராசு மாதிரி கையை விரித்துக் காட்டிச் சொன்னபோது திருச்சியிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மாள் அழுதுவிட்டார்கள். பழையாறை வடதளிக் கோயிலில் மூடி மறைக்கப்பட்ட சிவனைக் காணாமல் சாப்பிட மாட்டேன் என்று அப்பர் பட்டினி கிடந்த கதையையும் பிள்ளைகளே சொல்கிறார்கள்.

இனி பக்கத்து ஊரான உடையாளூரில் வைக்கும் பலகை விஷயம். செயற்குழுவில் இரண்டு கூட்டம் இதற்கே போயிற்று. கொட்டகையில் இருக்கும் லிங்கத்தை ராஜராஜசோழன் சமாதி என்று நம்பிப் பலர் வருகிறார்கள், ஐப்பசி சதயத்தன்று மாலை போடுகிறார்கள். "ராஜராஜன் பள்ளிப்படை", அதாவது இறந்தவர் நினைவாக எடுத்த சமாதிக் கோயில், என்று பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பால்குளத்து அம்மன் கோயில் தூணில் இருக்கும் முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு, சிவபாதசேகர தேவர் திருமாளிகையின் முன்மண்டபம் பழுதாகிப் புதுப்பித்த செய்தியைச் சொல்கிறது. சிவபாதசேகரன் என்பது ராஜராஜன் பட்டப்பெயர். கல்வெட்டில் இருக்கும் சொல் திருமாளிகை, பள்ளிப்படை இல்லை. பள்ளிப்படை என்ற சொல்லையே பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் ராமநாதன் கோயிலுக்குப் போகலாம். ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படை அது, கல்வெட்டே அப்படிச் சொல்கிறது. ஒரு இடத்தில் கல் சொல்வதையும் இன்னொரு இடத்தில் நாம் சொல்வதையும் ஒரே பலகையில் கலந்துவிட்டால், நாளைக்கு நாம் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். கடைசியில், கல்வெட்டு வாசகத்தை மட்டும் பலகையில் எழுதுவது, ஊர் நம்பிக்கையை "எங்க ஊர்ல இப்படிச் சொல்வாங்க" என்று வாயால் சொல்வது என்று முடிவானது. எதிர்த்துப் பேசிய சித்தப்பாவே பலகைக்குப் பணமும் கொடுத்தார். அவருக்கு என் நன்றி.

அதே சதய நாளில் ஒரு தவறும் நடந்தது. கார்களை நிறுத்த இடம் சொல்லாமல் விட்டுவிட்டோம். நட்டுப் பத்து நாள்கூட ஆகாத சம்பா வயலில் இரண்டு வண்டிகள் இறங்கிவிட்டன. வயல்காரர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை; அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நாற்று வாங்கி, நசுங்கிய இடத்தில் நாங்களே மறுபடி நட்டுக் கொடுத்தோம். இனி வண்டிகள் பட்டீஸ்வரத்திலேயே நிற்கும், அங்கிருந்து நடை அல்லது ஆட்டோ.

கோயில்களில் புல் செதுக்கிச் சுத்தம் செய்யும் உழவாரப் பணி மாதம் ஒரு ஞாயிறு நடந்தது. உழவாரத்தைக் கையில் பிடித்த அப்பர் பட்டினி கிடந்த ஊர் இது, நமக்கு அதில் விசேஷ உரிமை உண்டு. ஆனால் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரையில் இருக்கும் புல், முள்ளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செங்கல் விமானத்தில் முளைத்த அரசங்கன்றை இழுத்துப் பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் வரும், மேலே மட்டும் வெட்டினால் மறுபடி தழைக்கும். அதற்கு விவரம் தெரிந்த ஆட்கள் வர வேண்டும், எழுதிக் கேட்டிருக்கிறோம். எழுத்து தெரிய வேண்டும் என்று கல்வெட்டில் மாவு பூசுவதையும் பார்த்த இடத்தில் தடுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்து தானாகத் தெரியும். இதைச் செய்து காட்டுவதற்காகவே இரண்டு டார்ச் வாங்கி வைத்திருக்கிறோம்.

கழிவறை இன்னும் வரவில்லை. நடைக்கு வரும் பெண்கள் தயங்கித் தயங்கி நம் வீட்டுப் பெண்களிடம் கேட்கிறார்கள். இதுவரை கதவைத் திறந்துவிட்ட எல்லா வீட்டாருக்கும் சங்கத்தின் நன்றி. இருந்தாலும் இதை அவர்கள் தலையிலேயே சுமத்தி வைத்திருப்பது சரியில்லை. மனு கொடுத்த இடத்திலிருந்து பதில் வராவிட்டால் வருகிற ஆடிக்குள் நாமே ஒன்று கட்டத் தீர்மானம் போட வேண்டும் என்று இந்தப் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இடம் தர ஒருவர் சம்மதித்திருக்கிறார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்